நான் தின்ற சைபர்

இன்று காலை என் ரத்தப் பரிசோதனை முடிவு போனுக்கு வந்தது. பொட்டாசியம் 4.05. என் வயதுக்கு முதலில் சர்க்கரையைத்தான் பார்த்திருக்க வேண்டும். நானோ புள்ளிக்குப் பின்னால் இருந்த சைபரைப் பார்த்து "அப்பாடா" என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மைசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு லேப் ரிப்போர்ட் அச்சிடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். புள்ளிக்குப் பின் இத்தனை இலக்கம் என்று சொல்லிவிட்டால், எண்ணை ஒழுங்காக அச்சிட்டுத் தரும் வசதி கம்ப்யூட்டரிலேயே உண்டு. ஒரே வரி வேலை. ஆனால் எனக்குக் கொழுப்பு. எவனோ எழுதி வைத்ததை எடுத்துப் போடவா படித்தோம் என்று நாற்பது வரி சொந்தமாக எழுதினேன். புள்ளிக்கு முன்னால் இருப்பது தனி, பின்னால் இருப்பது தனி, நடுவில் ஒரு புள்ளி. 3.42 அழகாக வந்தது. அதை நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஸ்பிரிட் வாசனை மூக்கில் பட்டால் எனக்கு ஸ்டெல்லா சிஸ்டர் ஞாபகம்தான். அங்கே நர்ஸ், என் வயதுதான் இருக்கும். ஒரு மதியம் போன் செய்தார், கன்னடம் கலந்த தமிழில்.

"ஏன்ரீ, உங்க கம்ப்யூட்டருக்கு சைபர்னா ஆகாதா? லேப் நோட்டுல 3.05, உங்க பேப்பர்ல 3.5. ஸ்வல்ப சீக்கிரம் வாங்க!"

05 என்பதை என் நாற்பது வரிகள் வெறும் 5 ஆக்கியிருந்தன. பொட்டாசியம் 3.5 என்றால் பயமில்லை. 3.05 என்றால் குறைவு. விட்டால் இதயமே தடுமாறலாம். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூரிலிருந்து வயிற்றுப்போக்கோடு வந்திருந்த பொன்னம்மாவுக்கு, என் தாளைப் பார்த்த டாக்டர் நார்மல் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கால் தூக்க வரவில்லை என்று அந்த அம்மா முனகியதால்தான் சிஸ்டருக்குச் சந்தேகம். லேப்பில் கையால் எழுதி வைக்கும் நோட்டை வாங்கி வந்து, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்திருக்கிறார்.

நான் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், சிஸ்டர் டாக்டரிடம் சொல்லி, பொன்னம்மாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது வரியையும் அழித்து அந்த ஒரு வரியைப் போட்டேன். 3.05 என்று வந்தது. முகம் தெரியாத அந்த எவனுக்கோ மனசார ஒரு கும்பிடு போட்டேன். பழைய தாள்களையெல்லாம் சிஸ்டரும் நானும் நோட்டோடு ஒப்பிட்டோம். நல்லவேளை, வேறு யாருக்கும் கெடுதல் இல்லை.

மூன்றாம் நாள் பொன்னம்மா நடந்தே வெளியே வந்தார். "இவர்தாம்மா கம்ப்யூட்டர்காரர்" என்றார் சிஸ்டர், வேறொன்றும் சொல்லாமல். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கோணுங் கண்ணு. உங்க மிசினுதானுங்க என்னைய எந்திரிக்க வெச்சுது."

நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். லேப் நோட்டு போய்விட்டது. எண்கள் மிஷினிலிருந்து நேராகப் போனுக்கு வந்துவிடுகின்றன. ஸ்டெல்லா சிஸ்டர் எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும். "உங்களை எழுப்பியது என் மிஷின் இல்லை, அந்த சிஸ்டரின் விரல்" என்று பொன்னம்மாவிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.