பதிமூன்றாம் எண்ணின் ஓட்டம்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவள், மாலையானால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ரக்பி மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாள். முட்டி பழுதாகும்வரை அவளும் ஆடியவள்தான். பழைய கோச் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது ஆளே கிடைக்காமல் ஆண்கள் அணி அவள் தலையில் வந்து விழுந்தது. எல்லாருக்கும் அவள் 'கோச்'. ஓரக்கோட்டையொட்டி ஓடும் கடைசி ஆட்டக்காரனுக்கு மட்டும் 'அண்ணி'. அவன் கணவனின் தம்பி. அவனுக்குப் பக்கத்தில் உள்பக்கமாக, பதிமூன்றாம் எண் சட்டையில் ஓடுபவர் அவள் கணவர். மைதானத்தில் சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சு வரக் கூடாதென்று அவரைப் "பதிமூணு" என்றே கூப்பிடுவாள். ஒருநாள் வீட்டிலும் வாய் தவறி, "பதிமூணு, சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட, கொழுந்தன் தண்ணீர் புரையேறும்வரை சிரித்தான்.

துறைமுகத்து அணியுடனான கடைசி ஆட்டம் நெருங்கியதும் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. தோற்றால் அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். ரக்பியில் பந்தை முன்னால் எறிய முடியாது. பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதனால் தாக்குகிறவர்கள் சாய்வாக வரிசை கட்டி நிற்பார்கள். பதிமூணோ பந்து கிளம்புமுன்பே கிளம்பிவிடுவார். பந்து கைக்கு வரும்போது எதிராளி மூக்குக்கு நேரே நிற்பான். உடனே ஓரமாக ஒதுங்கி ஓடுவார். தம்பி ஓட வேண்டிய இடத்தையும் சேர்த்து அடைத்துவிடுவார்.

"பதிமூணு, இன்னும் பின்னாடி நில்லுங்க. பந்து, கொடுக்கிறவன் கையை விட்ட பிறகு கிளம்புங்க. நேரா வாங்க."

"நேராத்தானே வர்றேன்."

மறுபடி விசில் ஊதினாள். மறுபடி கோணலாகத்தான் ஓடினார். தம்பி கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, "அண்ணே, அப்படியே பஸ் ஸ்டாப் வரைக்கும் தள்ளிவிட்டுடு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

காலில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்கு மட்டும் புரிந்திருந்தது. முந்தைய வருஷம் ஒரு மோதலில் அவருடைய இடது தோளில் காறையெலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அன்றிலிருந்து ஆள் முட்ட வந்தால் அவர் உடம்பு தானாக விலகுகிறது. இதை எப்படிச் சொல்வது? கட்டின கணவனிடம் "உங்களுக்குப் பயம்" என்று சொல்ல எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் கற்றுத்தரவில்லை.

ஆட்டத்தின் முதல் பாதியில் பயந்தது போலவே நடந்தது. பந்து ஓரப்பக்கம் போகும்போதெல்லாம் அண்ணனும் தம்பியும் ஒரே மூலையில் நெருக்கியடித்து நின்றார்கள். துறைமுகத்து ஆட்கள் இருவரையும் சேர்த்துக் கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். இடைவேளையில், உடை மாற்றும் அறையில், தம்பி தண்ணீர் பாட்டிலைத் தரையில் வீசினான்.

"அண்ணி, அண்ணனை வெளிய எடுங்க. நீங்க எடுக்கலைன்னா நான் போறேன்."

கணவர் குனிந்து ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முட்டி வலித்தது.

"தோளா?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

அவர் தலை லேசாக அசைந்தது.

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஆளைப் பார்க்காதீங்க. ரெண்டு ஆளுக்கு நடுவுல இருக்கிற இடத்தைப் பாருங்க. பின்னாடி நின்னாத்தான் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும். நேரா அதுக்குள்ள வாங்க, ரெண்டு பேரும் உங்களைத்தான் பிடிக்க வருவாங்க. அப்ப ஓரத்துல தம்பி தனியா இருப்பான்." பிறகு எழுந்து எல்லாருக்கும் கேட்க, "யாரையும் மாத்தலை" என்றாள். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆனால் போகவில்லை.

இரண்டாம் பாதியில் முதல் முறை அவர் பின்னால் நின்று நேராகத்தான் வந்தார். மோதியதும் பந்து கையிலிருந்து நழுவியது. துறைமுகத்து ஆட்கள் கைதட்டினார்கள். மாற்று ஆட்டக்காரன் அவள் பக்கம் வந்து நின்று மேல்சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். "போட்டுக்கோ" என்றாள், அவனைப் பார்க்காமலே. தான் செய்வது பிடிவாதமா பாசமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், இரண்டே புள்ளி பின்தங்கியிருந்தபோது, பந்து மறுபடி ஓரப்பக்கம் வந்தது. பதிமூணு அசையவில்லை. பந்து, கொடுப்பவன் கையை விட்டது. அப்போதுதான் கிளம்பினார், கோடு போட்டது போல் நேராக. இருவர் அவர் மேல் பாய்ந்தார்கள். விழும்போதே பந்தைப் பக்கவாட்டில் தள்ளினார். தம்பிக்கு முன்னால் வெறும் புல்தான். அவன் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினான். அதற்கு ஐந்து புள்ளி. அணி முந்திவிட்டது.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இடது தோள் அடியில் மாட்ட விழுந்த கணவர் எழவில்லை. அவள் கால்கள் ஓரக்கோட்டைத் தாண்டி ஓடத் துடித்தன. நகம் உள்ளங்கையில் பதிய நின்றாள். கடைசியில் அவர் முழங்காலில் எழுந்து, தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்து, தன் இடத்துக்கு நடந்தார். மிச்ச நேரத்தை முட்டிமோதி ஓட்டி, ஜெயித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் தோளில் ஐஸ் பையோடு அவர் கேட்டார்: "அந்தப் பந்தும் நழுவியிருந்தா என்னை எடுத்திருப்பியா?"

"எடுத்திருப்பேன்."

பின் சீட்டிலிருந்த தம்பி, "நான் அதுக்கு முன்னாடியே எடுத்திருப்பேன்" என்றான். அவர் சிரித்து, தோள் வலிக்க, பல்லைக் கடித்துக்கொண்டார்.