திரையைப் பார்க்காத அண்ணன்

ஹெப்பகோடியில் நான் இருந்த பிஜி விடுதியில் பக்கத்துக் கட்டில் அவருடையது. மதுரைப் பக்கம், தலைமுறை தலைமுறையாக மாடுபிடி குடும்பம். தொடையில் கொம்பு கிழித்த தழும்போடு இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். எங்கே உட்கார்ந்தாலும் முதுகைச் சுவரில் ஒட்டித்தான் உட்காருவார். ஜல்லிக்கட்டு பற்றி எனக்கோ ஆயிரம் கேள்வி. அவரிடமிருந்து ஒற்றை வார்த்தைப் பதில்.

அந்தப் பொங்கலுக்கு அவர் தம்பி முதன்முறையாகக் களத்தில் இறங்கினான். நான் போனில் நேரலையைப் போட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க வீட்ல ஒருத்தன் இறங்குனா மத்தவங்க பாக்க மாட்டோம். பச்சத்தண்ணி கூடக் குடிக்க மாட்டோம். மஞ்சச் சட்ட, பதினேழாம் நம்பரு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

சமையல்காரர் "ஊட்டா ஆய்தா?" என்று எட்டிப் பார்த்து, சாப்பிட்டாச்சா எனக் கன்னடத்தில் கேட்டார். இவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"அண்ணே, திமிலப் புடிச்சுட்டான். விடல, விடவே இல்ல. ஜெயிச்சுட்டான் அண்ணே."

"அது கெடக்கட்டும். நடந்து போறானா?"

"நல்லா நடக்குறான்."

அதன்பிறகே போனை வாங்கினார். திரையில் தம்பியைக் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்த பெரியவரையே பார்த்தார்.

"எங்கப்பா. நான் இறங்குனப்ப எல்லாம் வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு உக்காந்திருப்பாரு."

"இப்ப அந்தப் பழக்கத்த விட்டுட்டாங்களோ என்னவோ" என்றேன் அவசரமாக.

"எங்கிட்ட யாரும் சொல்லல."

தம்பிக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடவும் வரவில்லை. தம்பிதான் பத்திரமாக இருந்தானே, பிறகு அந்தப் பட்டினி யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.