மூன்று கோடு போட்ட கண்

பத்ரிநாராயணன் தோற்றது ஓர் ஈயிடம். அவர் குடியிருந்த ஏ.எஸ்.ராவ் நகரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை.

பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவர். 2002-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். வாங்கவைத்தார்கள் என்பதுதான் சரி. மகன் ஜெயராம் ஹைடெக் சிட்டியில் வேலை பார்த்தான். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவான். அது இவருக்குத் தெரியும், உள்ளுக்குள் எரியும்.

காலை நடைக்குப் போலாரம் தாண்டிப் போவார். அங்கே ஒரு குட்டையில் எருமைகள் கிடக்கும். அவற்றின் முதுகில் ஒரு நாள் மாட்டு ஈ ஒன்றைக் கண்டார். மாட்டு ஈயை எவன் உற்றுப் பார்ப்பான்? இவர் பார்த்தார், ஆயுசு முழுக்கப் பார்த்ததே உத்தியோகம். உடம்பு செம்பு நிறம். கண்ணோ பளபளவென்று பச்சை. அதில் குறுக்கே மூன்று ஊதாக் கோடு. அந்த மழைக்காலம் பூராவும் எருமையோடு எருமையாக உட்கார்ந்து கவனித்தார். அந்தச் செம்பு ஈ எது வந்தாலும் மூன்று கோடுதான். நூலகத்தில் தேடிப் பிடித்த புத்தகங்களில் ஒற்றைக் கோட்டு ஈ இருந்தது, இரட்டைக் கோட்டு ஈ இருந்தது. இது எதிலும் இல்லை.

புது இனமென்றால் பெயர் வைக்கும்போது தன் பெயரையும் சேர்ப்பார்கள் என்று மனுஷருக்கு ஆசை வந்துவிட்டது. இனி ஜெயராம் யாரிடமும் பேச்சை மாற்ற வேண்டியிருக்காது.

"ஊர்ல எல்லாரும் ஆத்துல உக்காந்து ஈ ஓட்டுவா. நீங்க அதுக்குக் குட்டை வரைக்கும் போறேள்" என்றாள் மனைவி பட்டு.

பூச்சி ஆராய்ச்சியாளர் வேதாசலம் தொலைபேசியில் சொன்னது எளிது. ஈரப் பஞ்சோடு டப்பாவில் போட்டு, பிடித்த அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஈரமா? ஆலையில் ஈரம்தான் முதல் எதிரி. ஈரம் பட்ட பாகத்துக்காக எத்தனை பேரை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார். இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று, பிடித்த ஈயை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடைத்து, ஒரு வாரம் நன்றாக உலரவிட்டு எடுத்துப்போனார்.

வேதாசலத்தின் மேஜைமேல் திறந்தபோது கண் வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி இருந்தது. பச்சையும் இல்லை, கோடும் இல்லை.

"கோடு இருந்தது சார். என் கண்ணால பார்த்தேன்."

"இருக்கலாம். டப்பா இங்கயே இருக்கட்டும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

அந்த 'இருக்கலாம்' அவரைச் சுட்டது. வேண்டாத ஆளைத் துரத்த ஆலையில் இவரும் இதே இரண்டு நாளைத்தான் சொல்லியிருக்கிறார். "நக்கோ சார், வேண்டாம் உங்க தயவு" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தக் குப்பைத்தொட்டியில் வீசினார். கோபம் வந்தால் முன்பின் பார்ப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. இன்னொன்று பிடிக்கவும் போகவில்லை. ஈயின்மேலும் கோபம்.

அடுத்த மழைக்குள் குட்டையைத் தூர்த்துவிட்டார்கள். எருமைகளை எங்கே ஓட்டினார்களோ தெரியாது. அங்கே பத்து மாடிக் குடியிருப்பு எழுந்தது, ஐ.டி. பிள்ளைகள் முண்டியடித்து வாங்கினார்கள். ஜெயராமும் ஆறாவது மாடியில் ஒரு வீடு வாங்கி, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு குடிபோனான்.

2009-ல் ஒரு மத்தியானம் மகனுடைய கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய் அதைப் படித்தார். இந்த வகை ஈக்கள் உலர்ந்தால் கண்ணின் நிறம் மறைந்துபோகும்; மறுபடி ஈரத்தில் வைத்தால் நிறமும் கோடும் திரும்ப வரும். நம்பரைத் தேடிப்பிடித்து வேதாசலத்தை அழைத்தார்.

"அதுக்குத்தான் சார் ரெண்டு நாள் கேட்டேன்" என்றார் அவர். "சொல்றதுக்குள்ள போயிட்டீங்க. மூணு கோட்டை நான் இன்னிக்கு வரைக்கும் எங்கயும் பார்க்கலை. இன்னொண்ணு பிடிக்கலாம், நானும் கூட வரேன். எந்த இடம்?"

பத்ரிநாராயணன் பால்கனியிலிருந்து கீழே பார்த்தார். நீச்சல் குளத்தில் ஒருவன் மருந்து கொட்டிக்கொண்டிருந்தான்.

"இங்க ஈயெல்லாம் கிடையாது சார்" என்றார். "ரொம்ப சுத்தமான இடம்."