பைப்புக்குப் போர்த்திய கம்பளி

எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் நான். அதனால் வகுப்பில் கேட்டதையெல்லாம் சாயங்காலமே வீட்டில் அறிவித்துவிடுவேன்.

அன்று டீச்சர் சொன்ன செய்தி சாதாரணமானதல்ல. தண்ணீர் உறைந்தால் பருக்குமாம். பருத்தால் பைப்பே வெடித்துவிடுமாம். துணி சுற்றித்தான் காப்பாற்ற வேண்டுமாம். குளிர்நாடுகளில் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. மார்கழி மாதம், பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. எனக்கு அது போதும்.

போர்வெல்லிலிருந்து தக்காளித் தோட்டத்துக்கு அப்பா அப்போதுதான் புது பைப் போட்டிருந்தார். செடியெல்லாம் பூவும் பிஞ்சும் பழமும். பைப் வெடித்தால் அத்தனையும் காய்ந்துபோகும். பள்ளியிலிருந்து ஓட்டமாக ஓடிவந்து சொன்னேன்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பைப்புக்குக் குளுருதாமா? அப்படியே ஒரு டம்ளர் சுக்குக் காப்பியும் ஊத்திட்டு வா போ!”

அப்பா சிரிக்கவில்லை. “சும்மா இரு மச்சான். புக்குல இல்லாததையா டீச்சர் சொல்லப் போறாங்க?” என்றவர், சாக்குகளை அள்ளிக்கொண்டு என்னோடு கிளம்பினார். நான் சுற்றச் சுற்ற அவர் கயிறு கட்டினார். வால்வுக்குப் பக்கத்தில் மூன்று முழத்துக்குச் சாக்கு போதவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா வீட்டுக்குப் போய்த் தன் கம்பளியை எடுத்து வந்து அதையும் சுற்றினார்.

மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் பீய்ச்சியடித்தது! “தப்பிச்சிருச்சு!” என்று வரப்பெல்லாம் குதித்தேன்.

“பக்கத்துத் தோட்டத்துப் பைப்பும்தான் தப்பிச்சிருக்குது. அதுக்கு யாரு போத்துனாங்க?” என்றார் மாமா. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: “இன்னிக்குத் தப்பிச்சிருச்சு. நாளைக்குப் பாருங்க!”

இருட்டோடு டிராக்டரில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்த அப்பா அப்போதுதான் வந்து இறங்கினார். காதை மூடித் துண்டு கட்டியிருந்தார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, வெயில் விழுந்த இடமாகத் தேடிக் குந்தினார்.

“பைப்பு நல்லாருக்குதா கண்ணு?”

“நல்லாருக்குதுப்பா!”

“மார்க்கெட்ல எல்லாருகிட்டயும் சொன்னேன், எம்பொண்ணு கண்டுபிடிச்சதுன்னு.” சொல்லும்போது அவருக்குப் பல் தந்தியடித்தது.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சிறுவயதிலிருந்தே மார்கழி தவறாமல் அந்தத் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர். ஒரு நாளும் அது உறைந்ததைப் பார்த்திருக்கமாட்டார் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.