உடப்புசல்லாவைக்கு ரேடியோ விற்கப் போனேன்

நுவரெலியா போகிறவர்கள் இந்த வலைப்பதிவில் ஏரியைப் பற்றியும் பூங்காவைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறீர்கள். நானோ இன்னும் கொஞ்சம் கிழக்கே போங்கள் என்று ஒவ்வொரு முறையும் நச்சரிக்கிறேன். ஏன் என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டிருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே போன முதல் பயணம்தான் காரணம்.

அப்போது கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். கல்யாணம் ஆகாத வயசு. அட்டன், கொட்டகலை, பண்டாரவளை என்று எல்லாப் பக்கமும் செட் விற்றது. உடப்புசல்லாவையில் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. "என்ன சங்கதின்னு பார்த்துட்டு வா" என்று முதலாளி ஒரு மாதிரி செட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினால் நானுஓயாவில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிடும். அங்கிருந்து நுவரெலியா ஐந்து மைல். அதற்கப்பால் ராகலை வழியாக இன்னும் இருபது மைல் பஸ். முன்பு ராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியதாம். நான் போவதற்குள் அதை நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் செட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ரேடியோவா? அந்த ஊருக்கா?" என்று சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று புரியவில்லை.

மறுநாள் காலை கடைத்தெருவில் நடந்தபோது புரிந்தது. துணிக்கடைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், சந்திப் பலாமரத்தில் ஒன்று. அங்கிருந்து ஒரு கம்பி தேயிலைக்கு நடுவே நிற்கும் சவுக்கு மரங்களைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள்வரை ஏறிப்போனது. கம்பி தொடங்கும் இடம் ஹனீபா நானாவின் பலசரக்குக் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் அழைப்பார்கள்.

நானா என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விட, ரேடியோவும் சேர்ந்த ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கினாராம். மழைக்காலத்தில் அது சும்மா கிடக்க, கடைக்கு வருகிறவர்கள் கேட்கட்டும் என்று கொழும்புச் செய்தியை அதில் போட்டார். லயத்துக்காரர்கள், "எங்களுக்கும் ஒரு கம்பி இழுத்து விடுங்க நானா" என்றார்கள். மரத்தில் ஏறிக் கட்டியதும் அவர்கள்தான். லொறி பேட்டரியில் பெட்டி ஓடியது. காலையில் செய்தியும் பக்திப் பாட்டும், சாயந்திரம் ஊர் அறிவிப்பு. ஊரில் அதற்குப் பெயர் 'நானா ரேடியோ'.

"ஊரே ஒரு ரேடியோவைக் கேக்குது தம்பி. நீங்க இன்னொண்ண யாருக்கு விப்பீங்க?" என்றார். கோபமாக இல்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

ஆனால் அன்று அவர் முகம் சரியில்லை. சாயந்திரம் அறிவிப்பு வாசிப்பவர் ராசம்மா. தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். தோட்டத்து டிஸ்பென்சரியை நேரத்துக்குத் திறப்பதில்லை என்று போன வாரம் ஸ்பீக்கரில் சொல்லிவிட்டார். தொழிலாளருக்கு மேற்பார்வையாளரான பெரிய கங்காணி போய், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் மூட்டிவிட்டார். 'இன்றைக்கு நானே வந்து கேட்கிறேன், அப்புறம் தோட்டத்துக்குள் கம்பி இருக்கலாமா கூடாதா என்று சொல்கிறேன்' என்று துரை ஆள் அனுப்பியிருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். கம்பி அறுந்தால் செட் விற்கும்.

சாயந்திரம் ராசம்மா வந்தார். முப்பது வயதிருக்கும். நனைந்த கம்பளியை வாசலில் உதறிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தார். நானா சுவிட்சைப் போட்டார். பெட்டி ஒருமுறை கரகரத்து அடங்கிவிட்டது. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சின்ன பல்பு மாதிரி நிற்கும் வால்வுகளில் ஒன்று கருகியிருந்தது. நுவரெலியாவில் கிடைக்கலாம், ஆனால் கடைசி பஸ் போயாகிவிட்டது.

வெளியே துரையின் ஜீப் வந்து நின்றது.

"பேசாம போனா, நான் பயந்துட்டேன்னு நெனைப்பாங்க" என்றார் ராசம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அதே வால்வு நான் கொண்டுவந்த மாதிரி செட்டிலும் இருந்தது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் என் கை திருகாணியைக் கழற்றத் தொடங்கியிருந்தது. என் செட்டின் வால்வைப் பிடுங்கிப் பெட்டியில் செருகினேன். அது மெல்லச் சூடேறிச் சிவந்தது. பலாமரத்து ஸ்பீக்கர் உறுமியது.

ராசம்மா நிதானமாக வாசித்தார். மேட்டு லயத்தில் ஆடு ஒன்று காணவில்லை. ஞாயிறு மாரியம்மன் கோயிலில் பூசை. பிறகு அதே குரலில், "டிஸ்பென்சரிய இன்னைக்கும் நேரத்துக்குத் தொறக்கல. காய்ச்சல் புள்ளையோட நாலு பேரு மழையில நின்னாங்க. இத சொன்னா கம்பிய அறுப்பாங்கன்னு சொல்றாங்க. நின்னவங்களுக்காக சொல்றேங்க" என்றார்.

நானா கண்ணை மூடிக்கொண்டார். துரை ஜீப்பிலிருந்து இறங்கிக் கடைக்குள் வந்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"நாலு பேரு யாரு?" என்றார்.

ராசம்மா எழுந்து நின்று நாலு பெயரையும் சொன்னார்.

"எனக்கு யாரும் சொல்லல்லே" என்றார் துரை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில டிஸ்பென்சரிக்கு நான் போறேன். கம்பி இருக்கட்டும்." போகும்போது நானாவிடம், "பாட்டுச் சத்தம் மட்டும் கொஞ்சம் கொறைங்க. பங்களாவில தூங்க முடியல்லே" என்றார்.

ஜீப் போனபின்தான் ராசம்மா உட்கார்ந்தார். நானா தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அதிகாலை ஊமைச் செட்டோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பஸ் கிளம்பும் நேரம், வேலைக்குப் போகுமுன் கடைக்கு வந்திருந்த ராசம்மாவின் குரல் சந்தி ஸ்பீக்கரில் கேட்டது. "கொழும்புலருந்து வந்த ரேடியோ தம்பி இப்ப பஸ்ல இருக்காரு. வீட்டுல தனியா கேக்கணும்னு ஆசப்படுறவங்க போய்ப் பேசிப் பாருங்க. நல்ல மனுசன்." டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார். தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஒரு செட்டுக்குச் சொன்னார், தபாற்கந்தோர் ஐயா ஒன்றுக்கு. மூன்றாவது ஆள், வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்த அந்த டிரைவரேதான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நானுஓயா ரயிலுக்கு இருக்கையை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். நுவரெலியாவில் தங்கினால் காலை பஸ்ஸைப் பிடியுங்கள்; பத்து மணிக்குமேல் ராகலைப் பக்கம் பனி இறங்கி எதுவும் தெரியாமல் போகலாம். ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம். கடைத்தெருவில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் அவசரப்படாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்கத்தான் நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.