பெரட்டுக் களத்துக் கேள்வி

எங்கள் மேனேஜருக்கு இங்கிலீஷில் எவனாவது கேள்விக்குறியை விட்டுவிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். சுங்கைப் பட்டாணியில் கையுறை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நான் கிராணி, ஆபீஸில் டைப் அடிப்பவள். என் அக்கா அங்கேயே பேக்கிங்கில் இருந்தாள்.

பாடாங் செராய் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ்ஸைத் திடீரென்று மெயின் ரோட்டோடு நிறுத்திவிட்டார்கள். விடியுமுன்னே பொம்பளைகள் செம்பனை மரங்களுக்குள் நடந்து வரவேண்டும். காட்டுப்பன்றி திரிகிற பாதை. அக்காவுக்கு ஏற்கெனவே முட்டி போய்விட்டது. பஸ் உள்ளே வராவிட்டால் அவள் வேலை அவ்வளவுதான்.

வயிறு எரிந்து மேனேஜருக்கு ஈமெயில் எழுதினேன், மேலிடத்துக்கும் ஒரு காப்பி. இருட்டில் இவர்கள் எப்படி நடந்து வருவார்கள் என்று இங்கிலீஷில் எழுதி, முற்றுப்புள்ளி வைத்தேன். வேண்டுமென்றேதான். உனக்கு அறிவிருக்கா என்று ஒருத்தனைத் திட்டும்போது, இருக்கு, இல்லை என்றா பதில் எதிர்பார்க்கிறோம்? அது வசவு. அவர் பதில் ஆபீஸில் எல்லாருக்கும் வந்தது. கேள்வி கேட்டால் கேள்விக்குறி போடணுமாம். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன மனுஷன் அந்த ஆள்.

மேலிடத்துக்கும் போய்விட்டதால் கூட்டம் வைத்தே ஆகவேண்டியிருந்தது. தோட்டத்துப் பொம்பளைகளை வரிசையாக நிற்கவைத்து, மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

"பஸ் ரோட்டுலயே நிக்கிறதுல யாருக்காச்சும் பிரச்சினை இருக்கா?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தோரணை தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வேலை வாங்கும் தண்டலும் இப்படித்தான் கேட்பார், யாருக்காச்சும் உடம்பு நோவுதா என்று. வாயைத் திறந்தவளுக்கு அன்றைக்கு ஏறி இறங்கியே இடுப்பொடியும் மேட்டுக்காட்டில் வேலை. தலையைக் குனிந்து நிற்பதுதான் பழக்கம். இங்கேயும் அப்படியே நின்றார்கள். அக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயெடுத்தேன். "உன்னையக் கேக்கலம்மா, நீ எழுதிக்க" என்றார். அவரும் தண்டல் வீட்டுப் பிள்ளைதான். அந்த மௌனம் எதனால் என்று தெரியாமலா கேட்டார்?

யாருக்கும் பிரச்சினை இல்லை, பஸ் இனி உள்ளே வராது என்று கூட்டக் குறிப்பை என்னையே டைப் அடிக்கச் சொன்னார். அவர் கேட்டதையும் இங்கிலீஷில் அடித்து, முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் கேள்விக்குறி போட்டுத் திருப்பினார்.

"பதில் வேணும்னு கேட்டாத்தானே சார் இதைப் போடணும்?" என்றேன்.

"திமிரு ரொம்ப ஏறிப்போச்சா உனக்கு?" என்றார், தலையைத் தூக்காமல். அதற்கு எந்தக் குறி என்று நான் கேட்கவில்லை.

முட்டி வீங்கி, மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டாள். கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா என்றேன், பொறுக்கமாட்டாமல்.

"வாய் வரலடி" என்று அழுதாள்.

மறுநாள் கேண்டீனில் மேனேஜர் எதிரே வந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி சிரிப்பு வேறு.

"என்னம்மா, பசியாறியாச்சா?"

எங்கள் பக்கம் பகையாளி கேட்டாலும் இதற்கு ஆச்சு என்று சொல்லிவிடுவோம். சுற்றிலும் பொம்பளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியாமல், அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன்.