சிட்டுவின் பின்னங்கால்

கடைசியாக நாங்கள் சேர்ந்து செய்த வேலை, சிட்டுவைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியது. நான் நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்தேன். நைனா அதன் வலது பின்னங்காலை மடக்கி நீட்டினார். இருபது முறை. 1994, ஆகஸ்ட் 9, காலை ஆறு மணி.

பக்கத்து வீட்டு எத்திராஜ் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, நாய்க்கு நீச்சல் பழக்கினு கீறே? நமக்கே குளிக்கத் தண்ணி இல்ல!"

"நீ குளிச்சுட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவப்போறே? போடா அப்பால."

நைனா என் அப்பா. பெயர் செங்கல்வராயன். பாரிவாக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அதில் முதன்முதலாக ஆவடி தொழிற்சாலைக்குப் போனவர். பிட்டர். இருபத்தாறு வருடம் பேரிங் பொருத்தினார்.

சிட்டு அவர் வளர்த்த பொமரேனியன், நாலு கிலோ. ஜூனில் மொபெட் மோதி இடுப்பு மூட்டு உடைந்தது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுத்தார்கள். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. கால் ஊன்ற ஊன்றச் சதையே மூட்டின் வேலையைப் பழகிக்கொள்ளும், மூன்றாம் நாளே நடக்க விடுங்கள் என்றார் டாக்டர்.

நைனாவுக்கு மனம் ஒப்பவில்லை. "கிண்ணம் கீது, குண்டு இல்ல. அதுல எப்டி லோடு ஏத்துறது? ஒரு மாசம் ஆடாம கெடக்கட்டும்மா."

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். சரிதான் என்றேன்.

மரப்பெட்டிக்குள் துணி விரித்துப் படுக்க வைத்தார். ஒன்றுக்கு விடவும் தூக்கித்தான் போனார். தையலை உள்ளூர் கம்பவுண்டர் வந்து பிரித்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தொடை சூம்பி, கால் விறைத்துக் கிடந்தது. மறுபடி வேப்பேரிக்குத் தூக்கிப் போனோம்.

"யார் படுக்க வைக்கச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார்."

பக்கத்தில்தான் நின்றேன். நான் வாய் திறக்கவில்லை.

தினமும் தண்ணீரில் பயிற்சி கொடுங்கள், அப்போதும் ஊன்றாவிட்டால் இனி மூன்று கால்தான் என்றார்.

மறுநாளிலிருந்து ஷிப்டுக்கு முன்னால் தொட்டி. பிறகு வயிற்றுக்கடியில் துண்டு கட்டி நடை. ஆகஸ்ட் ஏழாம் தேதி சிட்டு விரல் நுனியைத் தரையில் வைத்தது.

"ஊனிச்சும்மா! பாத்தியா? நாலு அடி!"

ஒன்பதாம் தேதி தொட்டி வேலை முடித்து சைக்கிளில் கிளம்பினார். தொழிற்சாலை வாசலில் விழுந்தார். மாரடைப்பு.

அந்த வார வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். சிட்டுவை டாக்டர் முன்னால் தரையில் விட்டு, அந்த நாலு அடியை நடத்திக் காட்ட வேண்டும் என்று. வியாழக்கிழமை நாங்கள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனோம். வேப்பேரிக்கு யாரும் போகவில்லை.